மான் வேட்டைக்குத் தரையா, பரணா? வெள்ளைவால் மானைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் புதிதாக வருகிற நம்மவர்கள் முதலில் விசாரிப்பது துப்பாக்கியைத்தான். எந்த ரைபிள், எந்தத் தோட்டா, எந்தத் தொலைநோக்கி என்று கடை கடையாக ஏறி இறங்குவார்கள். நவம்பர் மாதம் காட்டுக்குள் போய் நின்றதும்தான் வேறொரு கேள்வி முளைக்கும்: எங்கே உட்காருவது? மரத்தின் மேல் பரண் கட்டி ஏறிக்கொள்வதா, தரையிலேயே மறைந்திருப்பதா? மான் உங்கள் கண்ணில் படுமா படாதா என்பதைத் துப்பாக்கியை விட இந்தக் கேள்விதான் அதிகம் தீர்மானிக்கிறது.

கீழே சொல்வதெல்லாம் விஸ்கான்சின் மாநிலத்தை மனத்தில் வைத்து, வெள்ளைவால் மானுக்காகச் சொல்வது. மிச்சிகன், மினசோட்டா போன்ற அண்டை மாநிலங்களிலும் காடும் மானும் ஏறக்குறைய இப்படித்தான். சட்டங்கள் மட்டும் மாறும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள் இயற்கையை அறிந்துகொள்ளும் ஆர்வத்தோடு மட்டும் படிக்கவும்.

முதல் படி: காகித வேலை

1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் விஸ்கான்சினில் வேட்டை உரிமம் வாங்க, வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்றிதழ் வேண்டும். இன்னும் பயிற்சி எடுக்காதவர்கள் அனுபவசாலி ஒருவரின் கையெட்டும் தூரத்தில் இருந்துகொண்டு வேட்டையாடிப் பழக ஒரு ஏற்பாடு உண்டு. அதில் தொடங்குவதே நல்லது.

எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கூட்டரசுச் சட்டப்படி அவர்கள் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் அது விலக்காகிறது. எனவே உரிமம் முதலில், துப்பாக்கி பிறகு. நண்பரின் துப்பாக்கியைத் தொட்டுப் பார்ப்பதற்கும் இந்த வரிசைதான். சந்தேகம் இருந்தால் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். நிரந்தரமாகத் தங்கும் உரிமை (கிரீன் கார்டு) பெற்றவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

நவம்பர் இறுதியில் வரும் நன்றி நவிலல் நாளுக்கு (தேங்க்ஸ்கிவிங்) முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் நடப்பது துப்பாக்கிப் பருவம். அந்த நாள்களில் இடுப்புக்கு மேல் வெளியாடையில் பாதியாவது ஒளிரும் ஆரஞ்சு அல்லது ஒளிரும் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வில் பருவம் செப்டம்பரிலேயே தொடங்கிவிடும்.

இரண்டாம் படி: மானுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது

மானின் கண் நம் கண்ணைப் போன்றதல்ல. அதற்குச் சிவப்பும் ஆரஞ்சும் சரியாகப் பிரியாது, மங்கலாகத்தான் தெரியும். அதனால் ஆரஞ்சுச் சட்டை போட்டால் மான் ஓடிவிடும் என்று கவலைப்பட வேண்டாம். நீலம்தான் ஆபத்து. ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போகாதீர்கள். வெள்ளை வெளேரென்று துவைத்துத் தரும் சலவைத்தூள்களில் உள்ள பளபளப்பூட்டிகளும் புற ஊதா ஒளியை உள்வாங்கி நீல ஒளியாக வெளியிட்டு மானுக்குப் பளிச்சென்று தெரியும்.

கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய தன்னைச் சுற்றி முழுவதையும் மான் பார்க்கிறது. அசையாத உருவத்தை அது எளிதில் தவறவிடும். அசையும் விரலைத் தவறவிடாது. பரணுக்கும் தரைக்கும் உள்ள வேறுபாட்டில் பாதி இதில்தான் இருக்கிறது. மான் தன் கண்மட்டத்தில்தான் அதிகம் தேடும். இருபதடி உயரத்தில் இருப்பவர் கையை மெல்ல நகர்த்தினால் பெரும்பாலும் தப்பிவிடலாம். தரையில் இருப்பவர் அதே அசைவைச் செய்தால் அன்றைய வேட்டை முடிந்தது.

மூக்கு விஷயத்தில் இப்படிச் சலுகை எதுவும் கிடையாது. உயரத்தில் ஏறிவிட்டால் வாடை போகாது என்று கடைக்காரர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். மேலிருந்து கிளம்பும் வாடை கொஞ்ச தூரம் மானின் தலைக்கு மேலாகப் போகும், அப்புறம் இறங்கிவிடும். நூறு கெஜம் தள்ளி வரும் மானுக்கு நீங்கள் பரணில் இருந்தாலும் ஒன்றுதான், தரையில் இருந்தாலும் ஒன்றுதான்.

மூன்றாம் படி: இடத்தைத் தேர்ந்தெடுங்கள், இருக்கையை அல்ல

பலர் தலைகீழாகச் செய்வது இதைத்தான். பரணை வாங்கிவிட்டு, அது பொருந்தும் மரத்தைத் தேடி, அந்த மரத்தடியில் மான் வர வேண்டும் என்று காத்திருப்பார்கள். மான் எங்கே படுக்கிறது, எங்கே மேய்கிறது, இரண்டுக்கும் நடுவே எந்த வழியாகப் போகிறது என்று முதலில் பாருங்கள். ஓக் மரத்தடியில் கொட்டிக் கிடக்கும் கொட்டைகள், அறுவடை முடிந்த மக்காச்சோள வயலின் ஓரம், இரண்டு காட்டுத் துண்டுகளை இணைக்கும் ஒடுக்கமான புதர்ப்பட்டை, குன்றின் முகட்டில் சற்றே தாழ்ந்த கணவாய் ஆகியவை மான் விரும்பிப் போகிற வழிகள். தடம், புழுக்கை, கலைமான் (ஆண் மான்) கொம்பை உரசிப் பட்டை உரிந்த இளமரங்கள், காலால் பிறாண்டிய மண் இவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் பாதி இணைசேரும் உச்சகாலம். அப்போது கலைமான்கள் பகலிலும் பிணைகளை, அதாவது பெண் மான்களைத் தேடி அலையும்.

அடுத்தது காற்று. மான் வரும் திசையிலிருந்து உங்களை நோக்கியோ, குறுக்காகவோ காற்று வீச வேண்டும். எருக்கின் உறவுச் செடியான மில்க்வீட், சாலையோரமெங்கும் விளைகிறது. அதன் பஞ்சு இழைகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஊதி விடுங்கள். பொடி தூவும் குப்பி கையருகே இருக்கும் காற்றை மட்டும்தான் காட்டும். பஞ்சோ ஐம்பது கெஜம் தள்ளி எங்கே திரும்புகிறது, எங்கே சுழல்கிறது, எங்கே பள்ளத்தில் இறங்குகிறது என்று முழுப் பாதையையும் காட்டிவிடும்.

தென்மேற்கு விஸ்கான்சினின் மேடுபள்ளமான பகுதியில் இன்னொரு கணக்கும் உண்டு. வெயில் ஏறியதும் காற்று சரிவில் மேலே எழும். மாலையில் குளிர்ந்து பள்ளத்துக்கு வழியும். ஆகவே காலையில் சரிவின் மேல்பாகம், மாலையில் அடிவாரம். மாலையில் முகட்டில் உட்கார்ந்தால் உங்கள் வாடை முழுவதும் கீழே பள்ளத்தில் மேயும் மான்களுக்குத்தான் போய்ச் சேரும்.

நான்காம் படி: பரண் என்றால்

கடைகளில் கிடைப்பவை முக்கியமாக நான்கு வகை. ஏணியோடு சேர்ந்த பரண்: கனமானது, சத்தமின்றி ஏறலாம், சொந்த நிலத்துக்கு ஏற்றது. தொங்கு பரண்: மரத்தில் பட்டையால் கட்டி, தனியாகக் குச்சிப் படிகள் வைத்து ஏற வேண்டும். ஏறு பரண்: இரண்டு பாகங்களை மாற்றி மாற்றி உயர்த்தி, மரத்தோடு சேர்ந்தே மேலே போவது, கிளையில்லாத நேரான மரம் இல்லாவிட்டால் உதவாது. நான்காவதான சேணம், இடுப்புப் பட்டையில் மரத்தை ஒட்டித் தொங்கியபடி இருப்பது. எடை குறைவு, பழக நாளாகும்.

தொடங்குபவருக்கு ஏணிப்பரண் போதும். அதை நிறுத்த மூன்று பேர் வேண்டும். இரண்டு பேர் அடியைப் பிடிக்க, ஒருவர் ஏறிப் பட்டையை இறுக்க வேண்டும். தனியாக நிறுத்த முயல்வது எலும்பு முறிவுக்கு முன்பணம் கட்டுவது போன்றது.

மரத்தைப் பார்க்கத் தெரிய வேண்டும். விஸ்கான்சினில் 2008ஆம் ஆண்டு மரகதத் துளைப்பான் வண்டு கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து ஆஷ் மரங்கள் காடுகாடாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. செத்த ஆஷ் மரம் நின்றபடியே நொறுங்கும். ஆஷ் மரப் பட்டையில் மரங்கொத்தி உரித்த வெளிர் திட்டுகள் தெரிந்தால் அதில் பரணும் வேண்டாம், அடியில் உட்காரவும் வேண்டாம். ஷாக்பார்க் ஹிக்கரி உறுதியான மரம்தான். ஆனால் அதன் செதில் பட்டையில் ஏறு பரணை உரசினால் காடே கேட்கும். உங்கள் உருவம் வானத்துக்கு எதிரே தனித்துத் தெரியாதபடி பின்னால் கிளைகளோ இன்னொரு மரமோ இருப்பது முக்கியம். உயரம் 15 முதல் 20 அடி போதும். பின்புல மறைப்புள்ள 14 அடி, மொட்டையான 25 அடியை விட மேல்.

இனி, உயிர் போகும் விஷயம். மான் வேட்டையில் பலத்த காயத்துக்குத் தோட்டாவை விட விழுவதே பெரிய காரணம். பெரும்பாலும் விழுவது உட்கார்ந்திருக்கும்போது அல்ல. ஏறும்போதும், இறங்கும்போதும், ஏணியிலிருந்து பலகைக்குக் கால் மாற்றும் அந்த நொடியிலும்தான். எனவே மேலே போய் ஹார்னஸ் (விழாமல் தாங்க உடம்பில் மாட்டும் பாதுகாப்புப் பட்டை) மாட்டிக்கொள்கிறேன் என்பது பாதிப் பாதுகாப்புதான். பரணுக்கு மேலே கட்டித் தரைவரை தொங்கும் உயிர்க்கயிறு ஒன்றை வாங்குங்கள். அதில் சறுக்கி நகர்ந்து, இழுபட்டால் இறுகிக்கொள்ளும் முடிச்சு இருக்கும். தரையிலேயே அதில் கொக்கியை மாட்டி, ஏறும்போது முடிச்சைத் தலைக்கு மேலே தள்ளிக்கொண்டே போக வேண்டும். உட்கார்ந்ததும் இணைப்புப் பட்டையில் தொய்வு இருக்கக் கூடாது. தொய்வு எத்தனை அடியோ அத்தனை அடி விழுந்த பிறகுதான் அது உங்களைப் பிடிக்கும்.

விழுந்து ஹார்னஸில் தொங்கினாலும் ஆபத்து முடிவதில்லை. தொடைப்பட்டை அழுத்தி, காலுக்கு இறங்கிய ரத்தம் திரும்ப முடியாமல் நினைவு தப்பலாம். ஹார்னஸோடு வரும் காலூன்றும் பட்டையைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள்; அதில் கால் வைத்து எழுந்து நிற்க முயலுங்கள், காலை உதைத்துக்கொண்டே இருங்கள். கைபேசி பையில் அல்ல, கை எட்டும் மார்புப் பகுதியில். எங்கே உட்காரப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். ஹார்னஸில் தயாரிப்பாளர் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியை மதியுங்கள். மழையிலும் வெயிலிலும் கிடந்த பரண் பட்டைகளை ஆண்டுதோறும் சோதித்து, நைந்ததை மாற்றுங்கள்.

துப்பாக்கியைத் தோளில் மாட்டி ஏறக் கூடாது. நீங்கள் ஏறி உட்கார்ந்து கொக்கி மாட்டிய பிறகு, தோட்டா நீக்கிய துப்பாக்கியைக் கயிற்றில் கட்டி இழுக்க வேண்டும். குழல் கீழ்நோக்கி, மண்ணில் படாமல் இருக்கட்டும். கயிறு விசையைச் சுற்றியுள்ள வளையத்தின் வழியாகப் போகவே கூடாது.

மேலிருந்து சுடும்போது தூரக் கணக்கு மாறிவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். இருபதடி உயரத்திலிருந்து, கிடைமட்டமாக 20 கெஜம் தள்ளி நிற்கும் மானுக்கு நேர்க்கோட்டுத் தூரம் 21 கெஜம்தான். 10 கெஜத்தில் நின்றால் 12 கெஜம். இந்த வேறுபாட்டால் குறி தவறாது. உண்மையான சிக்கல் இரண்டு. ஒன்று, கையை மட்டும் தாழ்த்திக் குறிபார்ப்பது. அம்பு மேலே போய்விடும். இடுப்பிலிருந்து வளைய வேண்டும். மற்றொன்று, பரணுக்கு நேரடியாக அடியில் வந்து நிற்கும் மான். கோணம் செங்குத்தாவதால் அம்போ தோட்டாவோ ஒரு நுரையீரலை மட்டும் துளைத்துவிட்டுப் போகலாம். அப்படிப்பட்ட மான் வெகு தூரம் ஓடும். எந்த இடத்தில் நுழைய வேண்டும் என்பதை விட மறுபக்கம் எங்கே வெளியேற வேண்டும் என்று நினைத்துக் குறிவையுங்கள். மிகவும் கிட்டே வந்த மானை விட்டுவிட்டு, அது சற்றுத் தள்ளிப் போகும்வரை காத்திருங்கள்.

பரணுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. கீழ்நோக்கிச் சுடும் தோட்டா மானைத் தாண்டினாலும் மண்ணில்தான் புதையும்.

ஐந்தாம் படி: தரை என்றால்

தரையில் அந்தப் பாதுகாப்பு இல்லை. ரைபிள் தோட்டா ஒரு மைலுக்கு மேல் போகும். மானுக்குப் பின்னால் மேடு, சரிவு, கண்ணுக்குத் தெரிகிற மண் இருந்தால்தான் சுடலாம். முகட்டில் வானத்தை ஒட்டி நிற்கும் மான் எவ்வளவு பெரிய கொம்போடு நின்றாலும் அது உங்களுக்கானது அல்ல.

தரை வேட்டையின் எளிய வடிவம் மரத்தில் சாய்ந்து உட்காருவது. உங்கள் தோளை விட அகலமான அடிமரமாகப் பாருங்கள். உருவத்தை மறைக்கும், முதுகையும் தாங்கும். வலக்கைக்காரர்கள் மான் வரும் வழி தங்கள் இடத் தோளுக்கு நேராக இருக்கும்படி உட்கார வேண்டும். துப்பாக்கியை இடப்புறமாகத் திருப்புவது எளிது. வலப்புறம் திருப்ப உடம்பையே திருப்ப வேண்டியிருக்கும். உட்காருமுன் காலடிச் சருகுகளை மண் தெரியும்வரை ஒதுக்கிவிடுங்கள். முன்னால் நாலைந்து விழுந்த கிளைகளை முழங்கால் உயரத்துக்குச் சாய்த்து வைத்தால் கையசைவு மறையும். துப்பாக்கியை முட்டுக்குச்சியில் தாங்கி, முன்பே முழங்கால்மேல் தயாராக வைத்திருங்கள். மான் வந்த பிறகு எடுக்க முடியாது.

அப்போது பார்க்கக் கிடைப்பதைப் பரணில் இருப்பவர் பார்ப்பதில்லை. முப்பது கெஜத்தில் ஒரு கிழப் பிணை நின்றுவிடும். இரண்டு காதும் உங்கள் பக்கம் திரும்பும். முன்னங்காலை உயர்த்தி, ஒரு கணம் தயங்கி, மண்ணில் ஓங்கி மிதிக்கும். தலையை மேலும் கீழும் ஆட்டி, உங்கள் உருவத்தை வேறு வேறு உயரத்திலிருந்து அளக்கும். பிறகு மேய்வது போலத் தலையைக் குனிந்து, சட்டென்று நிமிர்ந்து பார்க்கும். இந்தப் பாசாங்கு இரண்டு மூன்று முறை நடக்கும். அது குனிந்ததும் துப்பாக்கியைத் தூக்குபவர்கள் அடுத்த நொடி வெள்ளை வாலைத்தான் பார்ப்பார்கள். அது வாலை ஒரு முறை தளர ஆட்டிவிட்டு உண்மையாகவே நடக்கத் தொடங்கும்வரை கண்ணைக்கூடச் சுருக்கிக்கொண்டு இருங்கள்.

இவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்கும் குழந்தைகளை அழைத்துப் போகிறவர்களுக்கும் விரித்து வைக்கும் மறைப்புக் கூடாரம் இருக்கிறது. சொந்த நிலமானால் பருவத்துக்குச் சில வாரங்கள் முன்பே வைத்து, அக்கம்பக்கக் கிளைகளால் மூடி மானைப் பழக்குங்கள். திடீரென முளைத்த கூடாரத்தை மான் சுற்றிப் போகும். உள்ளே இருட்டாக இருக்க வேண்டும். பின்பக்கச் சன்னல்களை அடைத்து, வில் வேட்டையில் உள்ளே கறுப்புச் சட்டை அணியுங்கள். துப்பாக்கிப் பருவத்தில், மாநில நிலத்தில் வைக்கும் கூடாரத்தின் வெளியே எல்லாத் திசையிலும் தெரியும்படி 144 சதுர அங்குல ஒளிரும் நிறத் துணி கட்ட வேண்டும். கட்டாயமில்லாத இடத்திலும் கட்டுங்கள்.

கூடாரத்துக்கே உரிய ஒரு வில்லங்கம்: துப்பாக்கியில் பொருத்திய தொலைநோக்கி, குழலுக்கு ஓரிரு அங்குலம் மேலே இருக்கிறது. கண்ணுக்குச் சன்னல் வழியே மான் தெளிவாகத் தெரியும், குழலோ சன்னலின் அடித்துணியைப் பார்த்துக்கொண்டிருக்கும். குழல்முனை சன்னலைத் தாண்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். குறுக்குவில்லின் கைகள் விரியும்போது கூடாரக் கம்பியில் இடிக்காமல் இடம் விடுங்கள். உள்ளே வாயு அடுப்பு மூட்டினால் காற்றோட்டம் கட்டாயம். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு மணம் கிடையாது.

மூன்றாவது வடிவம் மெல்ல நடந்து தேடுவது. காற்றுக்கு எதிராக, மூன்றடி நடந்து, மூன்று நிமிடம் நின்று. மழை நின்ற காட்டிலும் புதுப்பனியிலும் மட்டுமே பலிக்கும். முழு மானைத் தேடாதீர்கள். செங்குத்தான மரங்களுக்கு நடுவே கிடைக்கோடாக ஒரு முதுகு, ஒரு காது, ஒரு கால், அவ்வளவுதான் தெரியும். பொது நிலத்தில் துப்பாக்கிப் பருவத்தின் முதல் சனி, ஞாயிறு இந்த வேலை வேண்டவே வேண்டாம். காடு முழுக்க ஆள்கள் இருப்பார்கள்.

தரையில் உட்கார்ந்து எழுந்த பிறகு உடம்பு முழுக்க உண்ணி பாருங்கள். லைம் நோயைப் பரப்பும் கறுங்கால் உண்ணி, உறைபனி தளர்ந்த நவம்பர் பகல்களிலும் ஊரும்.

ஆறாம் படி: எதை, எப்போது

சமதளக் காடு, அடர்ந்த புதர், வில் வேட்டை என்றால் பரண். புதருக்கு மேலாகப் பார்க்கலாம், வில்லை இழுக்கும் பெரிய அசைவு மறையும். குன்றுப் பகுதி என்றால் பரணின் நன்மை பாதி கரைந்துவிடும். சரிவில் இருபதடி ஏறினால் மேட்டிலிருந்து இறங்கும் மானின் கண்மட்டத்துக்கு நேராகப் போய் உட்கார்ந்திருப்பீர்கள். அங்கே சரிவின் மேல்பாகத்துத் தரையே இயற்கைப் பரண். பள்ளத்தை நோக்கிச் சுடுவதால் பின்னால் மண்ணும் கிடைக்கிறது. காற்று நாளுக்கு நாள் மாறும் இடத்தில், ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஐம்பது கெஜம் நகர முடிகிற தரைக்காரருக்கே வாய்ப்பு அதிகம். தென்பகுதி மாநில நிலங்களில் பரணை இரவில் விட்டு வரவும் முடியாது, மரத்தில் ஆணி அடிக்கவும் கூடாது. இருட்டில் தூக்கி வந்து இருட்டில் கழற்றுவதற்கு மனம் வேண்டும்.

முழங்கால் வலி, தலைசுற்றல், உயரத்தில் நடுக்கம் உள்ளவர்கள் தரையிலேயே இருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என்னைக் கேட்டால் முதல் ஆண்டு எல்லாருமே தரையில்தான் உட்கார வேண்டும். காற்றும் மானின் குணமும் அங்கே கற்பதைப் போலப் பரணில் கற்க முடியாது. அடுத்த ஆண்டு ஏணிப்பரண். ஏறு பரணும் சேணமும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஏழாம் படி: சுட்ட பிறகு

பரணில் இருப்பவர் இறங்குவதற்கு முன் மான் நின்ற இடத்தையும் கடைசியாக மறைந்த இடத்தையும் ஒரு மரத்தையோ பாறையையோ வைத்து அடையாளம் பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே வந்தால் காடு வேறாகத் தெரியும். கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. தரையில் இருப்பவருக்குக் கோணம் குழப்பாது, ஆனால் புதருக்கு அப்பால் எதையும் பார்த்திருக்க மாட்டார். காதால் கேட்ட திசையைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ரத்தம் இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் நுரையீரல்; அரைமணி நேரம் பொறுத்துப் பின்தொடரலாம். கருஞ்சிவப்பானால் ஈரல், சில மணி நேரம் பொறுங்கள். பச்சை கலந்து நாற்றம் அடித்தால் குடல். எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டுவிடுங்கள். உடனே துரத்தினால் படுத்த மான் எழுந்து ஓடி, யாருக்கும் கிடைக்காமல் சாகும். செங்குத்துக் கோணத்தில் சுட்ட மானுக்கு, வெளியேறிய துளை இல்லாவிட்டால் தொடக்கத்தில் ரத்தமே சொட்டாது. முழங்கால் போட்டு, இலை இலையாகப் புரட்டித் தேட வேண்டியிருக்கும்.

மானை எடுத்த மறுநாள் மாலை 5 மணிக்குள் இணையத்திலோ தொலைபேசியிலோ பதிவு செய்ய வேண்டும். மானைத் தாக்கும் தேய்வு நோய் விஸ்கான்சினில் 2002இல் கண்டறியப்பட்டது. தலையைக் கொடுத்தால் மாநிலத் துறை இலவசமாகச் சோதித்துத் தருகிறது. நோய் உண்டு என்று முடிவு வந்தால் இறைச்சியை உண்ண வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் (சிடிசி) பரிந்துரை. முடிவு வரும்வரை பொட்டலங்களில் பதிவு எண்ணை எழுதி, மற்ற இறைச்சியோடு கலக்காமல் உறைபெட்டியில் தனியாக வையுங்கள்.